ஆடியில் இல்லாத வண்டு

தும்பங்கேணி டிஸ்பென்சரிக்கு
நான் மாற்றலாகி வந்த முதல் மாசியில்
தம்பாப்போடி கழுத்தைத் திருப்பிக் காட்டினார்.
விரல் நீளத்துக்கு ஒரு கொப்புளம்,
யாரோ கோடு கீறியதுபோல;
உள்ளே தெளிந்த நீர்.
"கௌபிக்குள்ள நிண்டன் மிஸ்.
என்னமோ ஊர்ந்திச்சு, தேச்சுப்போட்டன்.
அப்ப நோகல்ல. விடியத்தான் கண்டன்."

மறுநாள் சாட்சியைக் கொண்டுவந்தார்
சித்தாலேப போத்தலுக்குள்:
கறுப்பு முதுகில் செம்மஞ்சள் பட்டி,
வாயில் இன்னும் பூவின் ஊதாத் துணுக்கு.

போத்தலை மேசையில் வைத்துக்கொண்டு
ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் அதைப் படித்தேன்.
கடிக்காது. கொட்டாது.
நெருக்கினால் கால் மூட்டுகளில்
மஞ்சள் எண்ணெய் கசியும்,
அவ்வளவுதான் அதன் கோபம்.
அந்த எண்ணெயைக் காய்ச்சுவது ஆண்.
எங்கள் பக்கம் பெண்தான் வீடுவளவு எழுதி
மாப்பிள்ளையை எடுப்பாள்;
இங்கே மாப்பிள்ளை சீதனத்தோடு வருகிறான்.
சீதனம் நஞ்சு.
அவள் அதை வாங்கி முட்டைகளில் பூசி
மண்ணைக் கிளறி மூடிவிட்டுப் போகிறாள்,
திரும்பிப் பார்ப்பதில்லை.
எறும்பு வந்து முகர்ந்து
வேறு வழி பிடிக்கும்.

பொரித்ததற்கு ஆறு கால், பெரிய அவசரம்.
வெட்டுக்கிளி புதைத்த முட்டைப் பொதியைத் தேடி
வெடிப்பு வெடிப்பாய் இறங்கும்.
தப்பினால் சாவு. அகப்பட்டால்
தின்று தின்று
நடக்க மறந்த கொழுத்த புழு.
தம்பாப்போடிக்குச் சொன்னேன். விரல் மடித்தார்:
"அப்ப பூவில நட்டம், வெட்டுக்கிளியில லாபம்."
மருந்து அடித்தாரோ விட்டாரோ, தெரியாது.

மறுகா மழை ஓயும், தரை இறுகும்.
புழு தன் தோலுக்குள்ளேயே ஒடுங்கி
அசையாமல்
ஒரு விதையைப்போலக் கிடக்கும்,
கச்சான் காற்று மேலே புழுதி வாரியெறியும் மாதமெல்லாம்.
சில, வந்த மழையையும் நம்பாமல்
அடுத்த வருடத்து மழைவரைக்கும்.

துஷாந்தினி வந்தது ஆடியில்.
குருமண்வெளியில் முதல் பாதை ஏறி
ஆற்றைக் கடந்து, மண்டூரில் பஸ் பிடித்து.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி
அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

கைச்சட்டையை உயர்த்தினாள்.
மூன்று கொப்புளம். வட்டம். ஒரே அளவு.
"வண்டு, மிஸ்."

வண்டினது கோடாய் இழுபடும்.
முழங்கை மடிப்பில் என்றால்
மேலொன்றும் கீழொன்றுமாய்
ஒன்றின் அச்சு மற்றதில் விழும்.
மேல்தோலோடு நின்றுவிடும்,
ஆறினால் தழும்பு விடாது.
இவளுக்குப் பக்கத்திலேயே
பழைய நாலு தழும்பு, பளபளவென்று.

"எங்க வச்சுப் பட்டது?"
"தோட்டத்தில. கௌபிப் பூவில."
யன்னலுக்கு வெளியே கௌபி இல்லை, பூ இல்லை.
வற்றிய குளத்தில் ஒரு மாடு
புல் இருந்த இடத்தை நக்கிக்கொண்டு நின்றது.

இந்த மாதம் அது மண்ணுக்குள்ள, தங்கச்சி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை. எழுந்து கதவைச் சாத்தினேன்.
அலுமாரியில் இருந்து போத்தலை எடுத்து
அவள் முன்னால் வைத்தேன்.
"திறக்காத. செத்தாலும் அதின்ர நஞ்சு சாகாது."

உள்ளங்கையில் ஏந்தி
வெளிச்சத்துக்குப் பிடித்து
நெடுநேரம் பார்த்தாள்.
பட்டிகள் ஐந்து மாதத்திலும் மங்கவில்லை.

"இவ்வளவு வடிவா மிஸ் இருக்கும்?"

பதிவேட்டில் காரணம் என்ற கட்டம்
இன்னும் வெறுமையாய்.
திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்.
கேத்தலை வைத்தேன்.